பதின்மூன்றாவது திருத்தமா, பாதியில் நின்ற வரைவா, சமஷ்டியா?

இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு வரப்போகிறது என்ற பேச்சு, 2024 நவம்பர் 14 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐ வென்றதிலிருந்து மீண்டும் எழுந்திருக்கிறது. 1995, 2000, 2016 ஆகிய ஆண்டுகளிலும் இதே பேச்சு எழுந்து அடங்கியதைப் பார்த்தவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு மறுவாழ்வு முகாமிலும், கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை முகாம்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் இச்செய்தியை அவ்வளவு எளிதில் நம்பிவிட மாட்டார்கள். ஆயினும் இம்முறை நிலைமை இரண்டு வகையில் மாறியிருப்பதை மறுக்க முடியாது. அரசியலமைப்பை மாற்றுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்காகிய 150 இடங்களை ஆளுங்கட்சி வேறெவர் தயவுமின்றித் தாண்டியிருக்கிறது. அதே கட்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3ஐயும் பெற்றிருக்கிறது; தெற்கில் வேர்கொண்ட ஒரு கட்சி அங்கே முதலிடம் பெறும் என்று சில ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

இந்நிலையில் ஈழத்தமிழர் அரசியலில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாக வந்த 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தச் சொல்வது ஒன்று. 2016இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அரசியலமைப்பு முயற்சியை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வது இன்னொன்று. சமஷ்டி, அதாவது நாம் கூட்டாட்சி என்று சொல்வது, வெளிப்படையாக எழுதப்படாத எதையும் ஏற்பதில்லை என்று நிற்பது மூன்றாவது. முடிவெடுக்கும் உரிமை அந்த மண்ணின் மக்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் புதுச்சேரியிலும் கடலூரிலும் நாமும் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம், டெல்லிக்கு மனு அனுப்புகிறோம். இம்மூன்றில் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே, சில வேளைகளில் ஒரே மேடையில் மூன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறோம்.

இவற்றை எடைபோடுவதற்குப் புதுச்சேரிக்காரர்களிடம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அதிகாரம் உள்ளதுபோல் தோன்றும் சபைக்கும் அதிகாரம் உள்ள சபைக்கும் என்ன வேறுபாடு என்பதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டப்படி, மாநிலப் பட்டியலிலும் பொதுப்பட்டியலிலும் உள்ள எந்தப் பொருள் குறித்தும் நம் சட்டப்பேரவை சட்டம் இயற்றலாம். நிலமும் காவல்துறையும் விலக்கி வைக்கப்பட்டுள்ள டெல்லிப் பேரவையோடு ஒப்பிட்டால் இது பெரிய அதிகாரம். பட்டியலை மட்டும் படிப்பவர், கன்னியக்கோவிலைத் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்தால் வரும் தமிழ்நாட்டுப் பேரவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே நினைப்பார். வித்தியாசம் 44ஆவது பிரிவில் இருக்கிறது. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் கருத்து வேறுபட்டால் விவகாரம் குடியரசுத் தலைவருக்குப் போகும். முடிவு வரும்வரை, அவசரம் என்று துணைநிலை ஆளுநர் கருதினால், அவரே நடவடிக்கை எடுக்கலாம். 2016 முதல் 2021 வரை ரேஷன் அட்டைக்கு இலவச அரிசி கொடுப்பதா, வங்கிக் கணக்கில் பணம் போடுவதா என்பதுகூட இந்தப் பிரிவின் நிழலில்தான் சண்டையாயிற்று. அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை ரத்துசெய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினர்களோடு மத்திய அரசு நியமிக்கும் 3 பேரும் வாக்களிக்கலாம் என்று 2018 இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் ஓர் அமைச்சரவை கவிழ்ந்தபோது அந்த மூன்று வாக்குகளின் எடை எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே ஓர் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தைக் கையில் எடுத்தால் எத்தனை துறைகள் கொடுக்கப்பட்டுள்ளன என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டும் என்ற வினாக்களையே முதலில் கேட்பேன்.

13ஆவது திருத்தத்தை இந்த வினாக்களோடு அணுகினால் அதன் பலவீனம் உடனே தெரிந்துவிடும். அது ஒன்பது மாகாணங்களுக்கும் சபை கொடுத்தது. முதலமைச்சரும் அமைச்சர்களும் உண்டு. கல்வி, சுகாதாரம், விவசாயம், காவல், காணி எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. அமைச்சர்களின் ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அவருடைய விருப்புரிமைக்கு உட்பட்டவை நீங்கலாக என்று ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறார்கள். எது விருப்புரிமைக்கு உட்பட்டது என்ற ஐயம் எழுந்தால் ஆளுநர் சொல்வதே முடிவு. அந்த விருப்புரிமையை அவர் ஜனாதிபதியின் பணிப்பின்படியே பயன்படுத்த வேண்டும். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவிக்கொத்தைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்ட கதைதான் இது. 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டம் இதை மேலும் இறுக்கியது: நிதி தொடர்பான நியதிச்சட்டங்களுக்கு, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டங்களுக்கு, ஆளுநரின் பரிந்துரை வேண்டும், மாகாணப் பொதுச்சேவையும் அவர் கீழ் வருகிறது. நம்முடைய 44ஆவது பிரிவைவிட இது ஒரு படி கடுமையானது என்பது என் கணிப்பு. ஏனெனில் இங்கே கருத்து வேறுபாடு டெல்லிக்குப் போயாவது வருகிறது.

இந்த அமைப்பு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு வட மாகாண சபை சாட்சி. 1987இல் உருவான ஏற்பாட்டின்கீழ் வடக்குக்கென்று தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21 அன்று. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐ வென்று, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அப்போது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவர். மக்கள் ஆணையோடு வந்த முன்னாள் நீதியரசருக்கு மேலே, போர் முடிந்த மண்ணில், ஒரு ராணுவ அதிகாரியை அமர்த்துவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இருக்கவில்லை. தேர்தல் நடந்த ஐந்தாவது நாளில் இலங்கை உச்ச நீதிமன்றம், அரச காணி மத்தியின் கையிலேயே இருக்கிறது, மாகாண சபை அதன்மீது அதிகாரம் கொண்டாட முடியாது என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. திருத்தத்தின் பின்னிணைப்பு தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அது இயங்கவே இல்லை. மாகாணக் காவல்துறையும் அப்படித்தான். வடக்குக்கு மட்டுமல்ல, சிங்களப் பெரும்பான்மை மாகாணங்களுக்கும் அது கிடைக்கவில்லை.

நீதிமன்றம் ஏன் பெரும்பாலும் மத்தியின் பக்கமே சாய்கிறது என்று கேட்பவர்கள் 1987க்குத் திரும்பிப் போக வேண்டும். 13ஆவது திருத்தம் ஒற்றையாட்சியைக் குலைக்கிறதா, அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு, அதாவது நாட்டு மக்கள் அனைவரின் வாக்கெடுப்பு, வேண்டுமா என்ற கேள்வி அப்போது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வாக்கெடுப்பு தேவையில்லை என்று முடிவாயிற்று. மாகாண சபைகள் மத்திக்குக் கீழ்ப்பட்டவை, ஆளுநர் வழியாக ஜனாதிபதியின் பிடி தொடர்கிறது, ஆகவே ஒற்றையாட்சிக்குக் குந்தகமில்லை என்பதே பெரும்பான்மையினர் கண்ட நியாயம். திருத்தம் பிழைத்ததே அதன் பலவீனத்தால்தான். அதைப் பலமான ஒன்றாக விரித்துப் பொருள் கொள்ளச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனால், அது பிறந்த நியாயமே குறுக்கே நிற்கும். ‘13ஐ முழுமையாக நிறைவேற்று’ என்று டெல்லியும் நாமும் பல்லாண்டாகச் சொல்லி வருகிறோம். எழுதியதை முழுமையாக நிறைவேற்றினாலும் ஆளுநரின் பிடி அப்படியே இருக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பணத்தின் கதை சுருக்கமானது. மாகாணங்கள் வசூலித்துவந்த விற்றுமுதல் வரி 2011இல் நின்றுபோனது. பெரும்பகுதிக்குக் கொழும்பின் மானியத்தையே நம்ப வேண்டும். மத்திய நிதிக்குழுவின் வரம்புக்குள் வராமல் ஆண்டுதோறும் மானியத்துக்கு டெல்லி போய்வரும் புதுச்சேரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு 13ஐ ஏன் தள்ளிவிடக் கூடாது என்றால், அது இன்று சட்டமாக இருக்கிறது என்பதே காரணம். புதிய வாக்கெடுப்பு வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம். தேர்தல் நடத்தினால் போதும். ஆனால் அந்தத் தேர்தல்தான் நடக்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரிலும் வடக்கினது 2018 அக்டோபரிலும் முடிந்தது. 2019க்குள் மற்றவையும் முடிந்து, ஒன்பது மாகாணங்களும் ஆளுநர்களின் கைக்குப் போயின. தேர்தல் முறையை மாற்றுவதற்காக 2017இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறைக்குத் திரும்ப ஒரு சிறிய சட்டத் திருத்தம் போதும். தேசிய மக்கள் சக்தி, ஓராண்டுக்குள் மாகாணத் தேர்தல் என்று 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்தியது. மாகாணத் தேர்தலுக்கான ஓராண்டு கடந்துபோனது.

சபை இல்லாத காலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இரு நிகழ்வுகள் போதும். 2012இல் திவிநெகும என்ற வாழ்வாதார மேம்பாட்டு மசோதா வந்தபோது, மாகாண அதிகாரத்தைத் தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வடக்கில் சபை இல்லை. ஆளுநரே சம்மதம் கொடுத்தார். சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. அதைத் தொடர்ந்து 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நாடாளுமன்றக் குற்றப்பிரேரணையால் பதவி நீக்கப்பட்டார். இரண்டாவது அண்மையது: 2025 மார்ச்சில் வட மாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்ற வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. காணி உறுதிப்பத்திரத்தையும் ஆவணத்தையும் போரில் தொலைத்தவர்கள், அவற்றோடு கடல் கடந்து முகாமுக்கு வந்தவர்கள் அந்த மூன்று மாதத்தில் என்ன செய்திருக்க முடியும்? எதிர்ப்பும் வழக்கும் வலுத்த பிறகு அறிவித்தல் திரும்பப் பெறப்பட்டது. காணி விவகாரத்தில் சபைக்குச் சட்ட அதிகாரம் இல்லாவிட்டாலும், அன்றே கூடித் தீர்மானம் போட்டு அரசை நெருக்குவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 38 பேர் வடக்கில் இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து நலனும் ஒன்று உண்டு. காரைக்கால் மீனவர்கள் எல்லை தாண்டியதாகக் கைதாகும்போதெல்லாம் டெல்லி கொழும்போடு பேசுகிறது. ஆனால் இழுவை மடியால் தங்கள் வலையும் வாழ்வும் அறுபடுவதாக முறையிடுபவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னாரின் தமிழ் மீனவர்கள். அவர்கள் பெயரில் உட்கார்ந்து பேச ஒரு மாகாண அமைச்சர் இருந்தால், அந்தப் பேச்சு கடற்படைகளின் கையிலிருந்து கொஞ்சமாவது விலகும்.

இரண்டாவது வழி எனக்கு அதிக நம்பிக்கை தருவது. அதிக அச்சம் தருவதும் அதுவே. 2016 மார்ச் 9 அன்று இலங்கை நாடாளுமன்றம் தன்னையே அரசியலமைப்புச் சபையாக மாற்றிக்கொண்டது. லால் விஜேநாயக்க தலைமையிலான குழு நாடெங்கும் மக்களின் கருத்தைக் கேட்டு அறிக்கை தந்தது. ஆறு உபகுழுக்கள் வேலை செய்தன. மத்திக்கும் மாகாணத்துக்குமான உறவை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் த. சித்தார்த்தன். 2017 செப்டம்பர் 21 அன்று வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. அதன் உள்ளடக்கம் நம் வினாக்களுக்கு நேராகவே பதில் சொல்கிறது. குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட விதிவிலக்குகள் தவிர, ஆளுநர் மாகாண அமைச்சர்களின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். தேசியக் கொள்கை வகுக்கும் பெயரில் மாகாணத்தின் நிர்வாக அதிகாரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. 55 பேர் கொண்ட இரண்டாவது சபை. அதில் 45 பேர் மாகாணங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் ஐவராக வருவார்கள். அரசியலமைப்பைத் திருத்த இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்கு மாகாணங்களே காவலாக நிற்கும் ஏற்பாடு இது; 13இல் இதற்கு ஈடான எதுவும் இல்லை. அங்கே மாகாண சபைகள் ஏற்காவிட்டாலும், நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கால் மாகாண சபை அத்தியாயத்தையே மாற்றிவிடலாம். இன்றைய ஆளுங்கட்சியிடம் அந்தப் பெரும்பான்மை இருக்கிறது என்பதை நம்பிக்கையாகப் பார்ப்பவர்கள், இந்தப் பக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை அந்த முயற்சியின் மிகப் பெரிய ஆதாயம் வேறொன்று. தெற்கின் மாகாண முதலமைச்சர்களும் குழுவின் முன் வந்து, ஆளுநரின் கை நீளம் என்றும், மத்தி தங்கள் அதிகாரத்தை அரித்துவிட்டது என்றும் முறையிட்டார்கள். அதுவரை அதிகாரப் பகிர்வு தமிழர் கோரிக்கை என்றே சிங்கள மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. காலியும் குருநாகலும் அதே குறையைச் சொன்னபோது, அது மாகாணங்களுக்கும் கொழும்புக்கும் உள்ள வழக்காக மாறியது. இன்னும் சிறிது காலம் கிடைத்திருந்தால் இதைக்கொண்டே தெற்கில் ஆதரவு திரட்டியிருக்கலாம். காலம் கிடைக்கவில்லை. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி பிரதமரை நீக்கி நாட்டை நெருக்கடியில் தள்ளினார். நிபுணர் குழுவின் வரைவு 2019 ஜனவரியில் சபைக்கு வந்தது. ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதன்பின் எஞ்சியது பாதுகாப்புப் பேச்சு மட்டுமே. நாட்டை எந்தச் சொல்லால் அழைப்பது, சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’, தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று இரு மொழிகளிலும் எழுதலாமா என்ற சண்டையில் அதற்கு முன்பே பெரும்பொழுது போய்விட்டிருந்தது.

இவ்வழியின் இடர்ப்பாடு சர்வசன வாக்கெடுப்பு. 1978 அரசியலமைப்பின் 83ஆவது உறுப்புரை, ஒற்றையாட்சியையும் பௌத்தத்துக்கான முதன்மை இடத்தையும் தொட்டால் மூன்றில் இரண்டு பங்கோடு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சிங்களவர். நாடாளுமன்றத்தில் 159 பேர் கை தூக்குவது ஒன்று. கிராமங்களில் பன்சாலையின், அதாவது பௌத்த விகாரையின், குரலுக்கு எதிரே வாக்குச்சீட்டில் ஆம் என்று குறியிடுவது வேறு. 2000 ஆகஸ்டில் சந்திரிகா குமாரதுங்க கொண்டுவந்த வரைவை எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். அது வாக்கெடுப்புக்கே போகவில்லை. ஆளுங்கட்சியின் மூலக்கட்சியான ஜனதா விமுக்தி பெரமுனவின் வரலாறும் ஐயத்தைக் கூட்டுகிறது. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி அது. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்ற 2006 அக்டோபர் தீர்ப்பைப் பெற்ற வழக்கும் அக்கட்சியினர் தொடுத்ததே. 2015–2019 முயற்சியைத் தொடர்வோம் என்று அவர்களே இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் துணிச்சல் அவர்களுக்கு இருக்கிறதா என்பது மாகாணத் தேர்தலில் முதலில் தெரியும். அவர்கள் அதில் காட்டும் தயக்கம் நல்ல அறிகுறி அல்ல.

முற்றிலும் புதிதாக, வெறும் தாளிலிருந்து தொடங்கலாம் என்று சிலர் சொல்வதை நான் தனி வழியாகக் கொள்ளவில்லை. நேபாளம் பத்தாண்டுப் போருக்குப் பின் 601 பேர் கொண்ட அரசியலமைப்புச் சபையை 2008இல் தேர்ந்தெடுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அது எதையும் எழுதி முடிக்காமல் கலைந்தது. இரண்டாவது சபை 2015இல் எழுதி முடித்தபோது, மாகாண எல்லைகளை ஏற்காத மாதேசி மக்கள் தெற்குச் சமவெளியான தெராயில் போராட்டம் நடத்தினர். இலங்கையில் மக்களின் கருத்தும் உபகுழு அறிக்கைகளும் கையில் இருக்கும்போது மறுபடி கேட்கத் தொடங்குவது, கேட்டதை மறக்கச் செய்வதற்கான வழியாகவே முடியும்.

மூன்றாவது வழியின் வலிமை அதன் தெளிவு. 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கேட்டது இதையே. அதைக் குறைத்துக்கொண்டு அவர் 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவோடும் 1965இல் டட்லி சேனநாயக்கவோடும் செய்த ஒப்பந்தங்கள் இரண்டும் கைவிடப்பட்டன. குறைத்துக் கேட்டும் கிடைக்காதபோது ஏன் குறைத்துக் கேட்க வேண்டும் என்பது வலுவான வாதம். அதற்கு எளிய மறுமொழி கிடையாது. 2002 டிசம்பரில் ஆஸ்லோவில் அரசும் புலிகளும் ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பை ஆராய ஒப்புக்கொண்டதையும், சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று இலங்கை உச்ச நீதிமன்றமே 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததையும் இவ்வாதத்தினர் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் பெயர் இருந்தால் பொருள் வந்துவிடும் என்பதை ஏற்க எனக்கு இயலவில்லை. இந்திய அரசியலமைப்பில் கூட்டாட்சி என்ற சொல்லே நாட்டின் பெயராக இல்லை. முதல் உறுப்பு மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அப்படியிருந்தும் நிலமும் காவல்துறையும் தமிழ்நாட்டின் கையில் இருக்கின்றன. அதே தமிழ்நாட்டில் பேரவை நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கி உச்ச நீதிமன்றம்வரை போனதும் நாம் அறிந்ததே. ஈராக்கின் 2005 அரசியலமைப்பு கூட்டாட்சி என்று வெளிப்படையாகவே எழுதியது; எண்ணெய் வளமுள்ள கிர்குக் பகுதி யாருக்கு என்பதை 2007 டிசம்பர் 31க்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று 140ஆவது உறுப்புரையில் நாளும் குறித்தது. நாள் கடந்தது, முடிவு வரவில்லை. நேபாளம் கூட்டாட்சிக் குடியரசு என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. மாகாணக் காவல்துறை அங்கே ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தென்னாப்பிரிக்கா சண்டையைப் பெயரில் வைத்துக்கொள்ளாமல், 1993 இடைக்கால அரசியலமைப்பில் 34 கோட்பாடுகளை முன்கூட்டியே பூட்டியது. இறுதி வரைவு அவற்றுக்குப் பொருந்தவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1996இல் ஒருமுறை திருப்பி அனுப்பவும் செய்தது. மாகாண அதிகாரம் போதவில்லை என்பதும் அப்படித் திருப்பியதற்கான காரணங்களில் ஒன்று. எல்லாத் தரப்பும் முதலில் ஒப்புக்கொண்ட கோட்பாடுகளுக்குப் பின்னர் வந்த பெரும்பான்மையும் கட்டுப்பட்ட இந்த முறை, இலங்கையில் இதுவரை சோதிக்கப்படாதது.

சமஷ்டி வாதத்தோடு ஒட்டிவரும் வடக்கு–கிழக்கு இணைப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூவரில் எவரும் பாதியைத் தொடவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை மறக்காதவர்கள், இணைந்த மாகாணத்தில் தங்கள் இடம் என்ன என்று கேட்பது நியாயம். 1987 ஒப்பந்தம் கிழக்கில் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு என்று சொன்னது. அது தள்ளிப்போடப்பட்டே நடக்காமல் போனது. புதுச்சேரியின் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த வரலாறு உடையவர்கள் நாம். மக்களைக் கேட்காமல் எல்லை வரைவதை இன்னோர் ஊருக்குப் பரிந்துரைக்க நமக்கு நா எழக் கூடாது. பொதுவாகத் தமிழ்நாட்டு மேடைகளில் கிழக்கு முஸ்லிம்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வருவதில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தின் காவல் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் நம் வரலாற்றிலிருந்தே பார்க்கலாம். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு–இந்திய உடன்படிக்கை, மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே புதுச்சேரியின் அரசியலமைப்பு நிலையை மாற்றலாம் என்கிறது. 1979இல் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியபோது, கட்சி பேதமின்றி ஊரே தெருவில் இறங்கியது. அந்தப் பேச்சு நின்றது. உடன்படிக்கை அவர்களுக்கு வாதம் கொடுத்தது. தடுத்தது உள்ளூர் மக்கள். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் இந்தக் கண்ணோடே பார்க்க வேண்டும். டெல்லி கேட்கும், நினைவூட்டும். ஆனால் சபை இல்லாத, தலைமை சிதறிய சமூகத்துக்காக அதைத் தாண்டி எதையும் செய்யாது. 2024 ஜூன் 30 அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் மறைந்த பின் தமிழ்க் கட்சிகள் இருக்கும் நிலையில், இது கவலைக்குரியது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, மாகாண சபைத் தேர்தலைப் பழைய முறையிலேயே உடனடியாக நடத்தக் கோருவதை முதல் வேலையாகவும், 2017 இடைக்கால அறிக்கையிலிருந்து தொடங்கும் புதிய அரசியலமைப்பை உண்மையான தீர்வாகவும் கொள்வதே சரி என்று கருதுகிறேன். தேர்தலை ஏற்றால் ‘13 போதும் என்று தமிழரே ஒப்புக்கொண்டார்கள்’ என்று கொழும்பு சொல்லும் என்ற அச்சம் பொய்யானது அல்ல. ஆனால் சபையைப் புறக்கணித்த காலத்தில் ஆளுநரும் தொல்லியல் திணைக்களமும் வன இலாகாவும் காத்திருக்கவில்லை. சபைக்குள் வருபவர்கள் முதல் அமர்விலேயே இது இறுதித் தீர்வல்ல என்று தீர்மானம் எழுதிப் பதிவுசெய்யலாம். சமஷ்டி வாதத்தினர் விட்டுக்கொடுக்கக் கூடாதது பெயர்ப்பலகையை அல்ல. ஆளுநர் அமைச்சரவைக்குக் கட்டுப்படுவது, அரச காணியைப் பகிர்ந்தளிப்பதில் மாகாணத்தின் சம்மதம், வரி வசூலில் உறுதியான பங்கு, மாகாணங்களின் இரண்டாவது சபை இல்லாமல் எதையும் திருத்த முடியாமை ஆகிய நான்கையும். இவை நான்கும் இருந்தால் அந்த நாட்டை எந்தப் பெயரால் அழைத்தாலும் நான் ஆதரிப்பேன். இவற்றில் முதலாவது இல்லாமல் சமஷ்டி என்று எழுதினாலும் எதிர்ப்பேன்.

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் போகும் மனுக்களில் இன்னொரு கோரிக்கையும் இடம்பெற வேண்டும். இலங்கைக்கு வெளியே வாழும் குடிமக்கள் வாக்களிக்க அந்நாட்டுச் சட்டத்தில் வழி இல்லை. ஆகவே புதிய அரசியலமைப்பின்மீது சர்வசன வாக்கெடுப்பு நடந்தால், தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஏறத்தாழ 58,000 பேரும் முகாமுக்கு வெளியே பதிவுசெய்து வாழ்வோரும் அதில் பங்கெடுக்க இயலாது. அவர்களில் பலருக்கு இலங்கைப் பிறப்புச் சான்றிதழோ கடவுச்சீட்டோ இன்னும் கையில் இல்லை. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாம்களுக்கே அலுவலர்களை அனுப்பி ஆவணங்களை முடித்துக் கொடுக்கவும், வாக்கெடுப்புச் சட்டத்தில் அவர்களுக்கென்று வாக்குச்சாவடிக்கு இடமளிக்கவும் இந்திய அரசு இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.